"அப்போதிருந்த சட்டத்தின்படிதான் எரித்தார்கள்"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும். காணொளி எல்லோருடைய கையிலும் சுற்றிவிட்டது. மேடையிலிருந்த அந்தப் பெரியவர் படித்தவர், நாலு நாடு பார்த்தவர். கொரோனா காலத்தில் இலங்கையில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, அதாவது இறந்த உடல்களை, கட்டாயமாக எரித்ததைப் பற்றிக் கேள்வி வந்ததும், "அப்போதிருந்த சட்டத்தின்படிதான் செய்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள், இன்னும் எத்தனை காலத்துக்கு இதையே கிளறப் போகிறோம்?" என்றார். மண்டபம் கைதட்டியது. நான் பதில் சொல்ல எழுந்தேன். நேரமில்லை என்று ஒலிவாங்கியை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் என் ஊர்க்காரர்கள்.

அங்கே சொல்லவிடாததை இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தின்படி செய்தார்கள் என்பது உண்மை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி (அரசிதழ்), கொரோனாவால் இறந்தவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் உடலை எரிக்க வேண்டும் என்றது. அதற்கு அதிகாரம் கொடுத்தது 1897ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்துத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். எழுத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மத சுதந்திரம் என்ற உரிமையே, சட்டத்தைக் கையில் வைத்திருப்பவனைப் பார்த்துக் "காரணம் என்ன?" என்று கேட்பதற்காக உருவான உரிமை. சட்டம் இருந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும் என்றால், அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது. அந்த மதத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் வெளிக்காட்டும் உரிமை 14ஆம் உறுப்புரையில் வருகிறது. அதை மட்டும் பொதுச் சுகாதாரம் போன்ற சில காரணங்களுக்காகச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே பொதுச் சுகாதாரம் என்ற வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த வாசலால் நுழைகிற அரசு காரணத்தைக் கையில் கொண்டுவர வேண்டும். மண்ணில் புதைத்த உடலிலிருந்து நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் எங்கே? 2020இல் கேட்டோம். 2021இல் கேட்டோம். இன்றும் கேட்கிறேன், எங்கே?

நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமோ அந்த வர்த்தமானிக்கு முன்பே, 2020 மார்ச் மாதத்தில், புதைக்கவும் எரிக்கவும் செய்யலாம், தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று எழுதிவிட்டது. ஏறத்தாழ உலகம் முழுவதும் புதைத்தார்கள். இங்கேயும் இலங்கை மருத்துவ சங்கம் அடக்கம் செய்யலாம் என்றது. அரசே நியமித்த இன்னொரு நிபுணர் குழு இரண்டு முறைகளையும் அனுமதிக்கலாம் என்றது. அதற்குப் பிறகும், 2021 ஜனவரியில், எரிப்பு மட்டுமே தொடரும் என்று சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். இதைத்தான் விஞ்ஞானத்தின்படி எடுத்த முடிவு என்கிறார்கள்.

"கொரோனா காலத்தில் எல்லா நாடும் மதச் சடங்குகளைக் கட்டுப்படுத்தியதே" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். கட்டுப்படுத்தின. ஆனால் கட்டுப்படுத்தியவர்களிடம் அந்த நாட்டு நீதிமன்றங்கள் காரணம் கேட்டன. ஜெர்மனியில் ஒரு மாநிலம் வழிபாட்டுத் தலங்களில் கூடுவதை விதிவிலக்கே இல்லாமல் தடுத்தபோது, ஒரு முஸ்லிம் சங்கம் வழக்குப் போட்டது. தகுந்த பாதுகாப்போடு கேட்பவருக்குத் தனித்தனியாகப் பரிசீலித்து அனுமதி கொடுக்க இடமே வைக்காத தடை செல்லாது என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 ஏப்ரல் இறுதியில் சொன்னது. அடுத்த மாதம் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம், வழிபாட்டுத் தலங்கள் மீதான முழுத் தடை அளவுக்கு மீறியது, எட்டு நாட்களுக்குள் மாற்று என்று அரசுக்கு உத்தரவிட்டது. அதே மே மாதத்தில் மும்பை பாந்த்ராவில், பக்கத்து மையவாடியில் கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்கக் கூடாது என்று குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். இறந்த உடலிலிருந்து நோய் பரவும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அங்கே பயந்தவர்கள் சாதாரண மக்கள், நீதிமன்றம் அவர்களுக்கு உண்மையைச் சொன்னது.

கொழும்பில் என்ன நடந்தது? முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் பெரும்பான்மை முடிவால் தள்ளுபடி செய்தது. காரணம் சொல்லவில்லை. ஒரு வரி காரணம் சொல்லியிருந்தால்கூட அதோடு வாதாடியிருக்கலாம். அரசும் காரணம் காட்டவில்லை, நீதிமன்றமும் காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சில நாட்களில், பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். கொழும்பு பொரளை மயானத்தின் வாசல் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றும் கபன் துணியின் நிறம் அது. அதையும் இரவோடு இரவாக யாரோ அகற்றினார்கள்.

இதைத்தான் கிளறாதே என்கிறார்கள்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் என் மாமாவும் கொரோனாவால்தான் போனார். நாங்கள் சைவர்கள். எரிப்பதுதான் எங்கள் வழக்கம். வர்த்தமானி எங்கள் சமயத்தை ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் வாய்க்கரிசி போட முடியவில்லை. முகம் பார்க்கவில்லை. தேவாரம் பாட ஆள் இல்லை. பறை இல்லை, பந்தல் இல்லை. கொள்ளி வைக்க வேண்டிய மகன் தூரத்தில் முகக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தான். காடாற்று, அந்தியேட்டி என்ற பிந்திய கிரியைகளும் பெயருக்கு நடந்தன. மாமி இன்றும் சொல்வது ஒன்றே ஒன்று: "அந்த மனுசனை நான் ஒழுங்காக அனுப்பவில்லை." எங்கள் சமயம் சொன்ன முறையிலேயே எரித்த எங்கள் வீட்டிலேயே இத்தனை ஆண்டுகளாக இந்தப் புண் ஆறவில்லை.

அப்படியென்றால், நரகத்தின் தண்டனையாகவே நெருப்பை நம்பி வளர்ந்த ஒரு வீட்டில், தாயின் உடலை நெருப்பில் போடுகிறோம் என்று தொலைபேசியில் சொன்னால் எப்படி இருந்திருக்கும்? என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் சொன்னார்கள். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, உடல் இல்லாமல் தொழுகை நடத்தினார்கள். சாம்பலை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னபோது அவர் போகவில்லை. அதை வாங்கி வைத்துக்கொள்ள எங்கள் மார்க்கத்தில் இடம் எங்கே என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெரியவரிடம் இருந்தால் என் நண்பர் வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும்.

மன்னிப்புக்கு வருகிறேன். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. பாதுகாப்பாக அடக்கம் செய்த உடல்களால் நீர் மாசுபடவில்லை என்று ஆய்வுகள் காட்டியதையும் அப்போது குறிப்பிட்டது. நல்லது. கேட்காமல் விடுவதைவிடக் கேட்டது மேல். ஆனால் மன்னிப்புக் கேட்டதே அந்த வர்த்தமானிக்குக் காரணம் இருக்கவில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். அதை வைத்து எங்கள் வாயை எப்படி அடைக்கலாம்? யார் எந்த ஆதாரத்தை மேசையில் வைத்து இந்த முடிவை எடுத்தார், மறுத்துச் சொன்ன நிபுணர்களை யார் ஒதுக்கினார், இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு அந்த மன்னிப்பில் ஒரு வரியும் இல்லை.

அடக்கத்துக்கு அனுமதி கிடைத்த விதத்தையும் மறந்துவிட்டோம். 2021 பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ஷ அடக்கம் அனுமதிக்கப்படும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். மறுநாளே அது அப்படியில்லை என்றார்கள். பிறகு பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோனார், 25ஆம் திகதி வர்த்தமானி மாறியது. நிலத்தடி நீர் அந்த இரண்டு வாரத்தில் மாறிவிட்டதா? சொந்தக் குடிமகன் மன்றாடியபோது அசையாத சட்டம் வெளிநாட்டு விருந்தாளிக்காக அசைந்தது. அதன் பிறகும் நிம்மதியாக விடவில்லை. இரணைதீவில் புதைக்கலாம் என்றார்கள். கடற்படையிடமிருந்து தங்கள் நிலத்தை 2018இல்தான் மீட்டிருந்த தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. அந்த ஏழைகளையும் இந்த ஏழைகளையும் எதிரெதிரே நிறுத்தப் பார்த்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஓட்டமாவடி. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உடலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டும் அல்ல, மற்றச் சமயத்தவரும் இருக்கிறார்கள்.

இனி எங்கள் ஆட்களிடம் பேசுகிறேன். கைதட்டியவர்களிடம்.

2019 செப்டம்பரில் முல்லைத்தீவு செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலில் என்ன நடந்தது? இறந்த பௌத்த பிக்குவின் உடலைக் கோயில் வளாகத்தில் எரிக்கக் கூடாது, வேறு இடத்தில் எரியுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கடும்போக்குப் பிக்கு ஞானசார தேரரும் கூட்டமும் அந்த உத்தரவை மதிக்காமல் தீர்த்தக் கேணிக்குப் பக்கத்திலேயே சிதை மூட்டினார்கள். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று நாம் எப்படிக் கொதித்தோம்! எங்கள் புனித இடத்தில் எங்கள் விருப்பத்துக்கு மாறாக ஒரு உடலை எரித்தார்கள் என்று கொதித்தோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. அடுத்த ஆண்டே ஒரு சமூகத்தின் உடல்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். முதலாவது சட்டத்தை மீறி நடந்தது, இரண்டாவது சட்டத்தின் பெயரால் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கோயிலில் எரித்தால் அநியாயம், ஜனாஸாவை எரித்தால் நடைமுறையா?

2024 சிவராத்திரிக்கு வவுனியா வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் பூசை செய்த நம்மவர் எட்டுப் பேரைப் பிடித்து உள்ளே வைத்தபோதும் அதிகாரிகள் சட்டம் என்றுதான் சொன்னார்கள். தொல்லியல் சட்டம், வனச் சட்டம். அப்போது அந்தப் பெரியவர் சட்டத்தின்படிதானே செய்தார்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மண்டபம் அவரை விட்டிருக்காது.

"அவர்கள் மட்டும் நமக்காக எப்போது பேசினார்கள்?" என்று கேட்பவர்கள் வருவார்கள். உரிமை என்பது கைமாற்றுக் கணக்கு அல்ல என்பது என் முதல் பதில். ஆனால் கணக்குத்தான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 2021 பெப்ரவரியில் கிழக்கிலுள்ள பொத்துவிலிலிருந்து வடக்கிலுள்ள பொலிகண்டி வரை தமிழர் உரிமை கேட்டு நடந்த பேரணியை மறந்துவிட்டீர்களா? கிழக்கில் முஸ்லிம்கள் திரண்டு வந்து அதில் நடந்தார்கள். அபகரித்த காணிகளும் காணாமல் ஆக்கப்பட்டோரும் கோரிக்கைகளில் இருந்தன. ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் அதே பட்டியலில் இருந்தது. அந்த ஐந்து நாளில் நான் கண்ட வடக்குக் கிழக்கை அதற்கு முன் கண்டதில்லை.

1990ஐ எழுப்புபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியவர்கள் புலிகள், தமிழர் பெயரால் விரட்டினார்கள். எங்கள் தெருவில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கை எடுத்தால் கடன்பட்டவர்கள் நாங்கள்.

முஸ்லிம் தீவிரவாதிகள் நடத்திய 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பைச் சொல்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. குண்டு வைத்தவனைத் தண்டியுங்கள். இருபது நாள் குழந்தை குண்டு வைக்கவில்லை.

திருகோணமலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்ற நீண்ட அங்கி அணிந்து பாடம் நடத்துவதை எதிர்த்த விவகாரத்தையும் சிலர் கொண்டுவருவார்கள். அதில் என் நிலைப்பாடு எல்லோருக்கும் தெரியும். சேலை கட்டித்தான் பாடம் நடத்த வேண்டும் என்பதற்கும் யாரும் எனக்கு ஒரு காரணம் சொல்லவில்லை. பாரம்பரியம் என்றார்கள். பாரம்பரியத்தைக் காட்டி இன்னொருத்தியின் உடையைக் கழற்றலாம் என்றால், பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரையைக் காட்டி எங்கள் மலைகளில் விகாரை கட்டுகிறவனிடம் நாம் எந்த வாயால் பேசுவது?

என்னை முஸ்லிம்களுக்கு வக்காலத்து வாங்குபவன் என்று அந்தக் காணொளியின் கீழே எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் இருவர் என் கலியாணத்துக்கு வந்தவர்கள். நான் அவர்களைத் தடுக்கவும் இல்லை, நட்பிலிருந்து நீக்கவும் இல்லை. அவர்கள் எழுதியது அங்கேயே இருக்கட்டும். அடுத்த கூட்டம் எப்போது என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். எரிப்பு மட்டும் என்று முடிவெடுத்த குழுவின் முன்னால் இருந்த ஆதாரம் என்ன என்பதை ஒரே ஒரு கேள்வியாக எழுதி, முன்கூட்டியே அனுப்பியும் விட்டேன். நேரமில்லை என்று இந்த முறை சொல்ல முடியாது.