ரெக்கோட் பிளேயர் வாங்க நினைக்கிறவர்களுக்கு

சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற சின்ன ரெக்கோட் பிளேயர் இப்போது கிளிநொச்சிப் பக்கமும் வந்துவிட்டது. லீவுக்கு வருகிற வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து ஹோலில் வைத்துவிட்டு, "இதில கேட்டுப்பார், போனில கேக்கிறதெல்லாம் ஒரு பாட்டே" என்கிறார்கள். வடிவான சாமான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மலிவு வகையில் ஊசி ஏறத்தாழ 5 கிராம் பாரத்தோடு தட்டை அழுத்தும், நல்ல பிளேயரில் அது 2 கிராமுக்குக் கிட்டத்தான் வரும். ஸ்பீக்கரோ உள்ளங்கைக்குள் அடங்கும். அதே காசுக்கு ஓரளவு நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்கிப் போனில் கொழுவினால் பாட்டு இதைவிடத் தெளிவாகக் கேட்கும்.

"அந்தக் காலத்து ரெக்கோட் சத்தம்" என்று பெரியவர்கள் உருகுவதையும் கொஞ்சம் கிண்டத்தான் வேண்டும். வன்னியில் எத்தனை வீட்டில் ரெக்கோட் பிளேயர் இருந்தது? முக்கால்வாசிப் பேர் கேட்டது இலங்கை வானொலியில் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் போட்ட பாட்டை, அதுவும் மத்திய அலையில், கூர்மையான மேல் சத்தமெல்லாம் வெட்டுப்பட்டு. இல்லையென்றால் வற்றாப்பளைப் பொங்கலுக்கு மரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கரில். தொண்ணூறுகளில் தடை போட்டுப் பற்றரி வராமல் நின்றபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிக் கசட் கேட்ட ஆட்கள் நாங்கள். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பாடுகிறவரின் குரலும் சேர்ந்து இழுபடும். அந்தப் பாட்டுகள் இனித்தது உண்மை. அதற்குத் தட்டு காரணமில்லை.

டிஜிட்டல் என்றால் படிக்கட்டு மாதிரி வெட்டின ஒலி என்று ஒரு கதை சுற்றித் திரிகிறது. 1982-இல் வந்த சீடியே செக்கனுக்கு 44,100 தரம் ஒலியை அளந்து வைக்கிறது. அந்த அளவுகளிலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரையான அலையை, படி ஒன்றும் இல்லாமல், வழுவழுப்பாகவே திரும்பக் கட்டலாம். எங்கள் காது அதற்கு மேல் கேட்காது, நாற்பது தாண்டினவர்களுக்கு அந்த அளவுகூட எட்டாது. எல்பி என்கிற பெரிய ரெக்கோட் தட்டில்தான் கட்டுப்பாடு கூட. ஊசி ஓடுகிற பள்ளத்தை வெட்டும்போது அடிச் சத்தத்தை (பேஸ்) குறைத்து வெட்டிவிட்டு, போடும்போது அம்பிளிபயரில் திரும்பக் கூட்ட வேண்டும். நடுவுக்குப் போகப் போகச் சுற்று சிறுத்துக்கொண்டு போகிறது, வேகமோ அதே நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆகவே ஒரு செக்கன் சத்தத்துக்குக் கிடைக்கிற பள்ளம் கட்டையாகிறது. கடைசிப் பாட்டில் 'ச', 'ஷ' எல்லாம் கரகரக்கிறது அதனால்தான். போதாக்குறைக்கு எங்கள் புழுதியும் பங்குனி சித்திரை வெயிலும். கண்ணாடி மூடின காரில் ஒரு மத்தியானம் தட்டை விட்டால் அப்பளம்தான்.

2022-இல் அமெரிக்காவில் நடந்த கூத்து தெரியுமா? மொபைல் பிடெலிட்டி என்ற கொம்பனியின் விலை கூடின தட்டுகளை, முழுக்க அனலாக், அதாவது இடையில் டிஜிட்டலே படாதது என்று நம்பிப் பலர் வாங்கிச் சேர்த்தார்கள். பல தட்டுகள் இடையில் டிஜிட்டல் பிரதி எடுத்துத்தான் வெட்டப்பட்டன என்று பிறகு வெளியே வந்து, வழக்கு வரைக்கும் போனது. அதுவரைக்கும் பெரிய பெரிய காதுக்காரர்களே அதைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஓர் இடத்தில் நான் ரெக்கோட் பக்கம். எழுபதுகள், எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு. அப்போது டேப்பில் பதிந்து, இன்றிகோ, எக்கோ போன்ற ரெக்கோட் கொம்பனிகள் எல்பியாகப் போட்ட பாட்டுகளில் சிலதை இப்போது நெட்டில் தேடினால் வருகிற பிரதியைக் கேட்டுப் பாருங்கள். இரைச்சலை எடுக்கிறோம் என்று வயலினின் உயிரையும் சேர்த்து எடுத்திருப்பார்கள், இல்லாத எதிரொலியைப் போட்டிருப்பார்கள், மெதுவான இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்தில் நிற்கும். அதே பாட்டின் பழைய எல்பி நல்ல நிலையில் கிடைத்தால் தபேலாவில் விரல் படுவதே கேட்கும். இது டிஜிட்டலின் குறையில்லை, பிரதி எடுத்தவனின் வேலை. அதே எல்பியைக் கவனமாகக் கணினியில் ஏற்றி, தரம் குறையாத பிளாக் (FLAC) கோப்பாக வைத்துக் கேட்டால், என் காதுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே புதுப் பாட்டுக்கு எல்பி தேடி ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். அறையில் அழகுக்கு வைக்க என்றால் அது வேறு கதை, உங்கள் காசு.

இடப்பெயர்வுகளில் போனது போக, ஒட்டுசுட்டான், மல்லாவி, வவுனியாப் பக்கம் யார் வீட்டிலாவது பழைய தட்டு பரணில் கிடந்தால் அந்தச் சூட்கேஸ் பிளேயரில் போட்டுத் தேய்க்க வேண்டாம். படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாத இடத்தில். என்னிடம் ஓரளவு நல்ல பிளேயர் இருக்கிறது, 24 பிட் என்கிற உயர்ந்த தரத்தில் கணினியில் ஏற்றித் தருவேன், காசு வேண்டாம். இரைச்சலை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். உள்பெட்டியில் எழுதுங்கள்.