நாயைக் கொன்றால் வெறும் 50 ரூபாய்தானா?

"தெருநாயை அடித்தே கொன்றாலும் 50 ரூபாய் கட்டினால் போதும், போலீஸுக்குப் போவது வீண்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

அந்த 50 ரூபாய் கற்பனை இல்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில், முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம். அடித்தாலும் சரி, பட்டினி போட்டாலும் சரி, மாட்டின் மேல் தாங்காத பாரம் ஏற்றினாலும் சரி. வெட்கக்கேடான தொகைதான். 2022இல் இதைக் கூட்ட ஒரு திருத்த வரைவு வந்தது. ஆனால் வரைவு சட்டமாகிவிடாது.

ஆனால் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது எல்லாம் அதோடு முடிவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டம் விலங்கின் விலையைப் பார்த்துத் தண்டனையைப் பிரித்தது. இப்போது அந்தக் கணக்கு இல்லை. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. அதனால் புகார் எழுதும்போது 11ஆவது பிரிவோடு நிறுத்தாமல், 325ஐயும் குறிப்பிடுங்கள்.