வடநெம்மேலியையும் பாருங்கள்
பயணிகள் வந்தாலே ஊர்க்காரர்களுக்கு வருமானம், காட்டுக்குப் பாதுகாப்பு என்று சூழல் சுற்றுலா பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வடநெம்மேலி வரும். அங்கே இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போனவர்களுக்காக 1978இல் தொடங்கியது. அவர்கள் பாம்பிடமிருந்து விஷம் எடுப்பதை நாமும் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம், சரி. ஆனால் அவர்கள் வீட்டு உலை கொதிப்பது முக்கியமாக பாம்புக்கடி முறிமருந்துக் கம்பெனிகளுக்கு விற்கும் விஷத்தால். போன முறை, குடுவை வாயில் கட்டிய சவ்வைக் கண்ணாடி விரியன் கடித்ததும் சில சொட்டுகள்தான் விழுந்தன; அதுவரை தொணதொணத்த என் மகன் கப்சிப். விஷம் எடுத்த பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மேலே பின்னூட்டத்தில், கோவை மாவட்டத்துப் பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணத்தைப் பாராட்டிய நண்பரே, நல்ல முயற்சிதான். ஆள் வராத மாதங்களில் அங்கே பயணிகளுக்குச் சமைக்கும் ஊர்ப் பெண்களுக்கு வேறு வருமானம் உண்டா?