டிக்கட் விலையும் மண்ணெண்ணெய் விலையும்

கட்டுநாயக்கவில் துபாய் விமானத்துக்கு ஏற்றுவதும் மட்டக்களப்புப் பாலமீன்மடுவில் தோணி எஞ்சினுக்கு ஊற்றுவதும் ஏறக்குறைய ஒரே சாமான்தான். மசகு எண்ணெயை, அதாவது நிலத்துக்கடியிலிருந்து எடுத்தபடி வரும் கச்சா எண்ணெயை, சூடாக்கிப் பிரிக்கும்போது சுமார் 150 பாகைக்கும் 300 பாகைக்கும் இடையில் இறங்கும் பகுதி அது. தண்ணீர், தூசு, கந்தகம் எல்லாம் அளவுக்குள் இருக்கிறதா, மறை 47 பாகை வரை உறையாமல் நிற்குமா என்று சோதித்துச் சான்றிதழோடு அனுப்பினால் ஜெட் ஏ-1. அந்தக் கெடுபிடி இல்லாமல் செட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெய்.

அதனால் விமான எரிபொருள் விலை ஏறுகிறது என்ற செய்தியை "பறக்கிற ஆக்கள்ற பிரச்சினை" என்று தள்ளிவிட்டுப் போவது நம்ம பக்கத்துக்குச் சரிவராது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் ஆள் இருக்கிறது. கரையோரம் முழுக்க மண்ணெண்ணெய் எஞ்சின். இந்த விலை நம்மை இரண்டு பக்கத்தாலும் பிடிக்கும்.

முதலில் டிக்கட். விலை ஏறினவுடன் ஏஜென்சிக்காரனைத் திட்டுகிறோம், அல்லது "எண்ணெய் விலை ஏறிட்டாம்" என்று கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டுக்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஏர்பஸ் 320 ரக விமானம் மணிக்கு ஏறக்குறைய இரண்டரைத் தொன் எரிபொருள் குடிக்கும். துபாய்க்கு நாலரை மணித்தியாலம் என்றால் 11 தொன் சொச்சம், லீற்றரில் சுமார் 14,000. அதை 150 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 94 லீற்றர். ஒரு பீப்பாய் 159 லீற்றர், ஆகவே ஒரு வழிக்கு ஆளுக்கு 0.6 பீப்பாய். ஜெட் எரிபொருள் பீப்பாய்க்கு 10 டொலர் ஏறினால் ஒரு வழிக்கு 6 டொலர், போய்வர 12 டொலர். பீப்பாய்க்கு 40 டொலர் ஏறினாலும் போய்வர 48 டொலர்தான். அதற்கு மேல் கேட்டால் மிச்சம் எண்ணெய்க் காசு இல்லை. பெருநாள் சீசன், டிசம்பர் விடுமுறை, இருக்கைத் தட்டுப்பாடு இவற்றின் காசு. விமானம் பாதி வெறுமையாகப் போனால் ஆளுக்கு விழும் பங்கு கூடும் என்பதும் உண்மை. ஆனால் பெருநாளைக்கு முந்தின கிழமை எந்த விமானம் வெறுமையாகப் போகிறது?

டிக்கட்டின் விலைப் பிரிப்பில் 'வைகியூ' அல்லது 'வைஆர்' என்று ஒரு வரி இருக்கும். எரிபொருள் மேலதிகக் கட்டணத்தைப் பெரும்பாலும் அதற்குள்தான் போடுவார்கள். பார்வைக்கு வரிமாதிரித் தெரிந்தாலும் அரசாங்க வரி இல்லை, விமானக் கம்பனிக்குப் போகும் காசு. காசைக் கட்டுவதற்கு முன் அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, வைகியூ எவ்வளவு, விமான நிலைய வரி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பயணம் நின்றுபோனால் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் அப்போதே கேளுங்கள். மூன்றுக்கும் விதி ஒன்றாக இருப்பதில்லை. மொத்தத் தொகையை மட்டும் வாங்கி வைத்திருக்கிறவர் பிறகு எதை வைத்துக் கேட்பது?

இன்னொரு குழப்பம், மசகு எண்ணெய் விலை இறங்கியும் டிக்கட் இறங்கவில்லையே என்பது. விமானக் கம்பனி மசகு எண்ணெய் வாங்குவதில்லை, சுத்திகரித்து முடிந்ததைத்தான் வாங்குகிறது. மசகு எண்ணெய்க்கும் ஜெட் எரிபொருளுக்கும் இடையிலான வித்தியாசம் தனக்கென்று ஏறி இறங்கும். 2022இல் அந்த இடைவெளி பயங்கரமாக விரிந்தது. டீசலும் இதற்குப் பக்கத்துப் பகுதி என்பதால் டீசலுக்கு உலகத்தில் இழுபறி வந்தால் சுத்திகரிப்பு நிலையங்கள் பிரிக்கும் வெப்பநிலை எல்லையைக் கொஞ்சம் நகர்த்தி டீசலைக் கூட்டிக்கொள்ளும்; ஜெட் குறையும். மாரியில் ஜப்பான்காரர் வீட்டைச் சூடாக்க மண்ணெண்ணெய் எரிப்பார்கள், அதுவும் அதே தொட்டியிலிருந்துதான் போக வேண்டும். நாம் விலை பார்ப்பதோ இந்தப் போட்டியெல்லாம் வந்து விழும் சிங்கப்பூர்ச் சந்தையில்.

அதுக்கு மேல் ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய், மே மாதம் 360. உலகத்தில் விலை ஒரு சதமும் அசையாமல் பீப்பாய் 100 டொலரிலேயே நின்றிருந்தாலும், லீற்றருக்கு 126 ரூபாயாக இருந்த சாமான் 226 ரூபாயாகியிருக்கும். இதில் ஒரு வேடிக்கை: கட்டாரிலும் சவூதியிலும் நம்ம ஆக்கள் வெயிலில் நின்று அனுப்புகிற டொலரில் ஒரு பங்கு, எண்ணெய்க் காசாக அதே வளைகுடாவுக்குத் திரும்பிப் போகிறது. அந்த எண்ணெய் வருகிற வழி, வளைகுடாவின் வாயான ஹோர்முஸ் நீரிணை. ஆக ஒடுங்கிய இடத்தில் 33 கிலோமீற்றர் அகலம், உலகம் பாவிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியால் போகிறது. அங்கே ஒருத்தன் தும்மினால் இங்கே நமக்குத் தடிமன்.

டொலர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தாயிற்று. 1969 முதல் ஓடிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தை மசகு எண்ணெய் வாங்க வழியில்லாமல் 2021 நவம்பரில் தற்காலிகமாக மூடினார்கள். அடுத்த வருடம் கட்டுநாயக்கவில் ஜெட் எரிபொருள் தட்டுப்பாடு; விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. சில கம்பனிகள் வரும்போதே திரும்பிப் போகும் எரிபொருளையும் சுமந்து வந்தன. அதுவும் சும்மா வருவதில்லை. மேலதிகமாகச் சுமக்கும் எரிபொருளில் மணிக்கு 3 முதல் 4 சதவீதத்தை அதைச் சுமப்பதற்காகவே எரிக்க வேண்டும். 10 தொன்னைத் துபாயிலிருந்து கொண்டுவந்தால் ஒன்றரைத் தொன் அளவு வழியிலேயே போய்விடும். அந்தச் செலவும் டிக்கட்டுக்குள்தான் வந்து உட்காரும்.

இப்போது கரைக்கு வருவோம். 2022 ஓகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது, ஒரே ராத்திரியில். நாளுக்கு 20 லீற்றர் ஓடும் தோணிக்கு 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ஆனது. அன்று மீன் படுகிறதோ இல்லையோ எண்ணெய்க் காசு போய்விடும்.

விலை ஏறினால் எஞ்சின் எப்படிச் சாகிறது என்பதை ஆரும் எழுதுவதில்லை. மண்ணெண்ணெய் எஞ்சின் குளிராக இருக்கும்போது மண்ணெண்ணெயில் பற்றாது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வந்து நிறுத்த முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும், அப்போதுதான் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்காது. காசு இறுகினால் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பெற்றோல்தான். அடுத்த நாள் விடிய பிளக் நனைந்து கிடக்கும், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும். அடுத்ததாக, எரிபொருளோடு கலந்து ஊற்றும் 2ரீ ஒயிலில் கைவைப்பார்கள். எஞ்சின் புத்தகம் 50க்கு 1 என்றால் 20 லீற்றருக்கு 400 மில்லி. அதை 250 ஆக்கினால் அன்றைக்கு மிச்சம், சில மாதத்தில் பிஸ்டன் கீறி ரிங் இறுகிவிடும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கைவைக்க வேண்டிய இடம் அக்சிலேற்றர். கடைசி அரைத் திருகலில் கூடும் வேகம் கொஞ்சம், எரியும் எண்ணெய் அதிகம். முக்கால் அளவில் பிடித்துப் போனால் அதே தூரத்துக்குக் குறைவாக முடியும்.

இதற்காக 87 ரூபாய்க் காலமே நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த விலையில் மண்ணெண்ணெய் டீசலுக்குள் கலந்து லொறியில் ஓடியது, பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்தது. எல்லாருக்கும் மலிவாகக் கொடுத்தால் தோணிக்காரனுக்கு முன்னால் லொறிக்காரன் வரிசையில் நிற்பான். 2022இல் வாகனத்துக்கு வாகனம் கியூஆர் கொடுத்துப் பெற்றோலை அளந்த நாட்டுக்கு, பதிவு இலக்கம் உள்ள தோணிக்கு எஞ்சின் குதிரைவலுப்படி மாதம் இத்தனை லீற்றர் மானிய விலையில் கொடுப்பது பெரிய வித்தை இல்லை. வளைகுடாவில் விலை குதிக்கும் மாதங்களில் மட்டும் அதைத் திறந்து வைத்தாலே போதும்.

தாவர எண்ணெய், கழிவெண்ணெய் போன்றவற்றில் செய்யும் பச்சை எரிபொருள் வரும், எல்லாம் சரியாகும் என்கிறவர்களுக்கு ஒன்று. 2008இல் ஒரு 747 விமானம் லண்டனிலிருந்து அம்ஸ்டர்டாமுக்குத் தேங்காயெண்ணெய் கலந்த எரிபொருளோடு பறந்து காட்டியது, அதுவும் நாலு எஞ்சினில் ஒன்றில் 20 சதவீதம் மட்டும். இங்கே சம்பலுக்குத் தேங்காய் வாங்கவே யோசிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் விமான எரிபொருளில் 2025இல் 2 சதவீதம், 2030இல் 6 சதவீதம் பச்சை எரிபொருள் கலக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது; விலையோ சாதாரண ஜெட் எரிபொருளைவிடப் பல மடங்கு. நம்ம காலத்து டிக்கட்டை அது குறைக்காது.

என் பார்வையில் நம்ம கைக்குள் உள்ளது சேமிப்புத்தான். விலை இறங்கின மாதத்தில் வாங்கி வைக்க இடம் இருந்தால், ஏறும் மாதத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். இடம் இல்லாமல் இல்லை. திருகோணமலையில் வெள்ளைக்காரன் கட்டின 99 தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். 2022 ஜனவரியில் பங்கீட்டு ஒப்பந்தமும் போட்டார்கள்: இந்தியன் ஒயில் கம்பனிக்கு 14, நம்ம பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. அந்த 61இல் பெரும்பாலானதைச் சுற்றி இன்னும் காடு. மட்டக்களப்பிலிருந்து அந்த இடம் 130 கிலோமீற்றர் சொச்சம். ஆனால் மட்டக்களப்புக்கு எண்ணெய் ரயில் வருவது கொழும்புப் பக்கத்துக் கொலன்னாவயிலிருந்து, மின்னேரியாக் காட்டுக்குள்ளால். 2024 ஒக்டோபரில் அது யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டு, யானையும் செத்து எண்ணெயும் மண்ணில் ஓடியது.