கலப்படச் சரக்கு

(மத்தியான நேரம், வியாபாரம் மந்தம். மருந்துக்கடை செல்வம், பக்கத்துத் தையல்கடை மரகதம் அக்காவிடம் பேச்சுக் கொடுக்கிறார்.)

செல்வம்: என்ன அக்கா, மிஷினை விட்டுவிட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டீர்கள்?

மரகதம்: டாக்டர் ஜெகில், மிஸ்டர் ஹைட் கதை தம்பி. ஸ்டீவன்சன் எழுதியது, 1886-இல் வந்தது.

செல்வம்: அது தெரிந்ததுதானே! டாக்டர் நல்லவர், மருந்தைக் குடித்தால் கெட்டவன். இதைப் படித்து வேறு பார்க்க வேண்டுமா?

மரகதம்: படிக்காதவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதைக் கடைசிவரை மூடி மறைத்து எழுதியிருக்கிறார் அந்த மனுஷன். நமக்கு அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. சரி, ஹைட் பார்க்க எப்படி இருப்பான், சொல்லு.

செல்வம்: பனைமரம் மாதிரி உயரம், முறுக்கு மீசை...

மரகதம்: கிடையாது. டாக்டரைவிடக் குள்ளம், வயதும் குறைவு. ஒரு ராத்திரி டாக்டரின் உடுப்பிலேயே வந்து நிற்கிறான். கால்சட்டை தரையில் புரளாதபடி சுருட்டிவிட்டிருக்கிறது. கோட்டின் இடுப்பு எங்கேயோ கீழே இறங்கிக் கிடக்கிறது. காலர் இரண்டு தோளிலும் படுத்திருக்கிறது. படித்ததும் எனக்குக் கத்தரிக்கோலை எடுக்கக் கை பரபரத்தது.

செல்வம்: கெட்டவனுக்குப் போய் இவ்வளவு சின்ன அளவா?

மரகதம்: டாக்டர் ஊர் மெச்ச வாழ்ந்தவர். கெட்ட பக்கத்துக்கு அவ்வளவாக வேலை கொடுக்கவில்லை, அதனால் அது வளரவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வேலை கொடுக்கக் கொடுக்க அவனும் வளர ஆரம்பிக்கிறான்.

செல்வம்: நல்ல பக்கம் எவ்வளவு உயரம்?

மரகதம்: அது தனியாக வரவே இல்லை தம்பி! ஹைட் நூற்றுக்கு நூறு கெட்டவன். டாக்டரோ அதே பழைய டாக்டர்தான், நல்லதும் கெட்டதும் கலந்த ஆள்.

செல்வம்: மருந்து பாதிதான் வேலை செய்திருக்கிறது என்று சொல்லுங்கள். என்னிடம் வாங்கியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டைக்கு வந்திருப்பார்.

மரகதம்: டாக்டரின் ஏற்பாட்டைக் கேள். ஹைட் ஒரு சின்னப் பெண்ணை மிதித்துவிட்டுப் போகிறான். நஷ்டஈடு நூறு பவுண்டு. பத்துப் பவுண்டு தங்கக் காசு, மீதிக்குச் செக். செக்கில் டாக்டரின் கையெழுத்து!

செல்வம்: அடப்பாவமே.

மரகதம்: அப்புறம் உஷாராகி, ஹைட் பெயரிலேயே பேங்க் கணக்கு. தன் எழுத்தையே பின்பக்கமாகச் சாய்த்து ஒரு புதுக் கையெழுத்து. லண்டன் சோஹோ பகுதியில் அவனுக்கு ஏற்கெனவே தனி வீடு. தான் மூன்று மாதத்துக்கு மேல் காணாமல் போனால் சொத்தும் அவனுக்கே என்று உயில் வேறு.

செல்வம்: இத்தனையும் செய்து கொடுத்தது அந்த நல்ல மனுஷனா?

மரகதம்: அதைத்தான் நானும் கேட்கிறேன்.

செல்வம்: சரி, எங்கே மாட்டிக்கொண்டார்?

மரகதம்: உன் தொழில்காரரிடம்தான். போகப் போக, தூங்கி எழுந்தாலே ஹைட். திரும்ப டாக்டராவதற்குத்தான் மருந்து தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து அதில் போடும் உப்பு தீர்ந்துவிட்டது. புதிதாக வாங்கினால் பலிக்கவில்லை. வேலைக்காரரை லண்டன் முழுக்க அலையவிட்டு, உங்கள் சரக்கு சுத்தமில்லை என்று கடைக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார்.

செல்வம்: எப்போதும் எங்கள் தலையில்தான் கை வைப்பார்கள்!

மரகதம்: முழுசாகக் கேள். கடைசியில் டாக்டருக்கே புரிகிறது, முதலில் வாங்கியதுதான் கலப்படச் சரக்கு. அந்தக் கலப்படத்தால்தான் மருந்தே பலித்திருக்கிறது.

செல்வம்: அட! சுத்தமான சரக்கு கொடுத்ததற்கா திட்டு? முதல் பேட்ச் நம்பரையாவது குறித்து வைத்தாரா?

மரகதம்: எங்கே வைத்தார்!

செல்வம்: டாக்டராம் டாக்டர். கடைக்காரரிடம் மன்னிப்பாவது கேட்டாரா?

மரகதம்: அதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். செலவு எவ்வளவானாலும் பரவாயில்லை என்று மட்டும் எழுதியிருந்தார்.

செல்வம்: அப்படி எழுதுகிறவர்கள்தான் அக்கா பாக்கி வைப்பார்கள். சொத்து அந்த ஹைட்டுக்குத்தானே போயிற்று?

மரகதம்: இல்லை, கடைசியில் உயிலை மாற்றி வக்கீல் அட்டர்சன் பெயருக்கு எழுதிவிட்டார்.

செல்வம்: வக்கீலிடம் போய்ப் பாக்கி வசூலிப்பதா? கிழிஞ்சது போங்கள்!