எல்லாப் படமும் ஒன்றல்ல

இனவெறி வரும் பழைய நகைச்சுவைப் படங்களை இனி யாரும் பார்க்கத் தேவையில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1970இல் அமெரிக்கக் கறுப்பின இயக்குநர் மெல்வின் வான் பீபிள்ஸ் இயக்கிய ‘வாட்டர்மெலன் மேன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பர்களைக் கிண்டலடிக்கும் வெள்ளைக்கார இன்சூரன்ஸ் ஆள் ஒருநாள் கறுப்பராக விழிக்கிறார். தினமும் பஸ்ஸோடு போட்டி போட்டு ஓடுவது அவர் வழக்கம். அதே தெருவில் கறுப்பராக ஓடினால், எதையோ திருடிவிட்டு ஓடுகிறார் என்று பிடித்துக்கொள்கிறார்கள்! சிரிப்பு அப்படியே தொண்டையில் நின்றுவிடுகிறது. அதைவிட வலிப்பது அவர் மனைவி. டிவியில் கறுப்பர் போராட்டங்களைப் பார்த்து அனுதாபப்பட்டவர், தன் வீட்டுக்குள்ளேயே விஷயம் வந்ததும் மெல்ல விலகிப் போகிறார். எத்தனை நல்லவர்களை அந்த ஒரு பாத்திரம் அடையாளம் காட்டுகிறது!

அந்த இன்சூரன்ஸ் ஆள் வேடத்துக்கு வெள்ளை நடிகரைப் போட்டுக் கரி பூசத்தான் ஸ்டுடியோ நினைத்தது. வான் பீபிள்ஸ் கறுப்பின நடிகர் காட்ஃப்ரி கேம்ப்ரிட்ஜுக்கு வெள்ளை ஒப்பனை போட்டார். கடைசியில் எல்லாம் கனவு என்று முடிக்கச் சொன்னதற்கும் அவர் இணங்கவில்லை. கனவென்றால் பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போயிருப்பாரே.

படத்தில் பெண்களை வைத்துச் செய்த ஜோக்குகள் மட்டமானவை, சரி. ஆனால் 1961இன் ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்’ படத்தில் வெள்ளை நடிகர் மிக்கி ரூனி எடுப்புப் பல்லோடு ஜப்பானியராக வருவது வேறு வகை. அங்கே சிரிக்கச் சொல்வது அந்த மனிதரின் முகத்தையும் பேச்சையும் பார்த்துத்தான். கட்டுரையாளரின் கோபம் அதற்கு முழுக்கப் பொருந்தும்.