ஒரு புதர் போதாது
அமெரிக்க ஹேசல்நட் என்ற கொட்டை காய்க்கும் புதரை வேலியோரம் ஒன்று நட்டாலே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தயவுசெய்து இரண்டு மூன்றாக நடுங்கள். தன் மகரந்தத்தில் அது காய்க்காது. மரபணு வேறுபட்ட இன்னொரு புதரின் மகரந்தம் காற்றில் வந்து சேர வேண்டும். அதே புதரின் வேர்க்கன்றைப் பிரித்து நட்டாலும் பலனில்லை.

இலை துளிர்க்கும் முன்பே பூத்துவிடும். பெண் பூ, மொட்டின் நுனியில் எட்டிப் பார்க்கும் சிவப்பு நூல்தான். கிட்டே போய்ப் பார்த்தால் அவ்வளவு அழகு! கொட்டைக்கு அணில், நீல ஜே என்ற பறவை, மரங்கொத்தி, காட்டு வான்கோழி எல்லாம் வரும். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஆண் பூச்சரங்கள். குளிர்காலம் முழுக்கத் தொங்கும் அவற்றை, வேறு தீனி கிடைக்காத பனிநாட்களில் கிரவுஸ் என்ற காட்டுக்கோழி கொத்தித் தின்னும். குளிருக்கு முன் கிளைகளைக் கழித்துவிடாதீர்கள்.